பூரணி விஷனில் ஓடிய வரி

தம்பி, நீங்கதான பூரணி விஷன் சாமானெல்லாம் மொத்தமா எடுத்தது? அருப்புக்கோட்டை பூரணி விஷன். ஆமா, கேபிள் ஆபீசு. அதுல ஒரு கம்ப்யூட்டர் இருந்திருக்கும். டிவியில கீழ எழுத்து ஓடும்ல, அத அடிக்கிற கம்ப்யூட்டரு. வித்துட்டீங்களா, இல்ல கெடக்கா? இருக்கா. அப்பாடா. பஸ்ஸு பாலவநத்தம் தாண்டும்போதே, இதெல்லாம் எப்பவோ வித்திருப்பாகன்னு மனசு சொல்லிருச்சு. இருந்தாலும் விருதுநகர் வரைக்கும் டிக்கெட் எடுத்தாச்சே, எறங்கிப் பாப்போம்னு வந்தேன்.

வாங்க வரல தம்பி. அத வச்சு எனக்கு ஒண்ணும் செய்யத் தெரியாது. அதுல ஒரு வரி இருக்கும். எங்க தங்கச்சி சாகுறதுக்கு முந்தி எனக்குன்னு போட்ட வரி. மாசக்கணக்கா டிவியில ஓடியிருக்கு. ஊரே பாத்திருக்கு, நான் பாக்கல. அதுல 'அன்பு அண்ணன்'னு இருந்துச்சா, வெறும் 'அண்ணன்'னு இருந்துச்சான்னு பாக்கணும். அம்புட்டுதான். பாத்துட்டுப் போயிருவேன்.

நீங்க பாட்டுக்கு வயர மாட்டி ஓட விடுங்க. நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். சொல்லாம உங்களுக்கு எந்த வரின்னு எப்படித் தெரியும்? டீ வேண்டாம், இப்பத்தான் ஸ்டாண்டுல குடிச்சேன்.

என் பேரு சங்கரலிங்கம். மில்லுல இருந்தேன், சங்கத்துச் செயலாளரா. எங்க ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாக. எங்க மில்ல ஒரு பெரிய கம்பெனிக்காரன் வாங்குனான். வந்த அன்னைக்கு எல்லாருக்கும் லட்டும் சட்டைத்துணியும் குடுத்து, இனிமே நாமெல்லாம் ஒரே குடும்பம்னான். ஆளுக கை தட்டுனாக. நான் தட்டல. அந்தச் சட்டை தச்சு வர்றதுக்குள்ள கேட்டுல பூட்டுத் தொங்குச்சு. அன்னையிலிருந்து கம்பெனிக்காரன் சிரிச்சா நான் சிரிக்கிறதில்ல. என்னையப் பிடிவாதக்காரன்னு சொல்றவுக, அந்தப் பூட்டப் பாக்காதவுக.

பூரணம் எங்க தங்கச்சி. எனக்குக் கீழ ஒரே பொறப்பு. அவளக் கட்டுனவரு சௌந்தரபாண்டி. ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தாரு. பெறகு மொட்டைமாடியில பெரிய டிஷ் ஆண்டெனாக் குடைய வச்சுத் தெருத்தெருவா வயர் இழுத்துக் கேபிள் குடுத்தாரு. பொண்டாட்டி பேர வச்சுப் பூரணி விஷன்னு போர்டு மாட்டுனாரு. ரிப்பன் வெட்டுனது யாருங்கிறீங்க, நான்தான். நம்ம ஆளு, நம்ம ஊரு, நம்ம கையில ஒரு டிவின்னு சங்கத்துக் கூட்டத்துல எல்லாம் பெருமையாப் பேசியிருக்கேன்.

அதுல லோக்கல் சேனல் ஒண்ணு உண்டு. கோயில் திருவிழா, காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டுவிழா எல்லாம் வரும். கீழ எழுத்து ஓடும். பொறந்தநாள் வாழ்த்து, காணாமப்போன பசுமாடு, தண்ணி வராத தெரு, யார் வீட்ல எழவு, எப்ப எடுக்குறாக, எல்லாம். சாயங்காலமானா பூரணம்தான் உக்காந்து அடிப்பா. அவுக வீட்டு முன்னறைதான் ஆபீசு. ஒரு பக்கம் அடுப்புல கொழம்பு கொதிக்கும், இன்னொரு பக்கம் யாரோ செத்தத அடிச்சுக்கிட்டு இருப்பா.

அத வச்சு எங்க ஊர்ல ஒரு வழக்கமே வந்துருச்சு தம்பி. சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாத வீடுக இருக்கும்ல. ஒரு நல்லது கெட்டதுன்னா யாரு போயிச் சொல்றது? இவன் வாசல அவன் மிதிக்க மாட்டான். சொல்லாம விட்டாலும் குத்தம். அதுக்குப் பூரணி விஷன்ல போட்டுருவாக. போட்டாச்சுன்னா சொன்னதாக் கணக்கு. பாத்துட்டு வந்தான்னா, யாரும் யாருட்டயும் தலைகுனியாம வந்து சேந்துக்கலாம். பாத்துட்டு வரலைன்னா, வராதவன் குத்தவாளி. எங்க ஊர்ல பாதிச் சண்டை அப்படித்தான் தீந்துச்சு. போலீஸ் ஸ்டேசன்கூட அந்த வேலையச் செஞ்சதில்ல.

அப்பத்தான் கம்பெனி வந்துச்சு. பேரு வேண்டாம், உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு ஊராப் போயிக் கேபிள்காரங்கள வளைச்சுக்கிட்டு வந்தான். சௌந்தரபாண்டி கையெழுத்துப் போட்டாரு. போர்டுல பேரு மட்டும் பூரணி விஷன், லைனெல்லாம் கம்பெனியோடது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா சங்கத்துல தீர்மானம் போட்டிருப்பேன்ல.

சொக்கலிங்கபுரத்துல ஒரு சொந்தக்கார வீட்ல பால்காய்ச்சு. பந்தியில உக்காந்திருக்கோம். எனக்கு எதிர்வரிசையில அவரு. என்ன பாண்டி, கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டியாமேன்னு யாரோ கேட்டாக. அவரு இலையப் பாத்துக்கிட்டே, நான் மாட்டேன்னா அவனே பக்கத்துல லைன் இழுக்கப் போறான், நான் என்ன செய்யன்னாரு. நான் சும்மா இருந்திருக்கலாம்தான். ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல. எந்திரிச்சு நின்னு சொன்னேன்.

"பொண்டாட்டி பேருல இருந்தத வித்துட்டான். நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூடத் தந்தா பொண்டாட்டியவும் வித்துருவான்."

பந்தி அப்படியே நின்னுபோச்சு. மாப்ள சௌந்தரபாண்டி இலைய மடிச்சிட்டு எந்திரிச்சாரு. பூரணம் என் பக்கத்துலதான் சாம்பார் வாளியோட நின்னா. எனக்கு ஊத்த வந்திருந்தா. ஊத்திட்டுத்தான் போனா தம்பி.

நான் திட்டுனது கம்பெனிய. பந்தியில இருந்தவுகளுக்கு அந்த நுணுக்கம் புரியல. அதுக்கு நான் என்ன செய்ய?

அன்னைக்கே வீட்டுக்கு வந்து ஏணி போட்டு ஏறி, கேபிள் வயர வெட்டுனேன். தெருவே வேடிக்கை பாத்துச்சு. பாக்கட்டும்னுதான் வெட்டுனேன். எங்க வீட்டம்மா செண்பகம் ஏணியப் புடிச்சுக்கிட்டுக் கீழ நின்னா. பூரணம் பேருல உள்ளதுங்க, வேண்டாம்னா. பேரு பூரணம் பேரு, வயர் கம்பெனி வயருன்னேன். எறங்கி வந்து சட்டம் போட்டேன். அந்த வீட்டுப் பேச்சு இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. அவுக நம்பர் எதையும் எடுக்கக்கூடாது. என் போன்ல அவுக எல்லாரையும் தடுத்துப் போட்டேன். கேபிள் ஓடுற வீட்டு வாசப்படிய நான் மிதிக்கிறதில்ல. எங்க தெருவுல கேபிள் ஓடாத வீடு எங்க வீடு ஒண்ணுதான்கிறது பெறகுதான் யோசனை வந்துச்சு. முடிவுன்னா முடிவுதான்.

எங்க மக தமிழரசி மெட்ராஸ்ல இருக்கா. அவதான், அப்பா நீங்க ஓடிடி போட்டுக்கங்க, கேபிளே தேவையில்லைன்னா. பெரிய டிவியா வாங்கி அனுப்பி, பாஸ்வேர்டும் சொல்லிக் குடுத்தா. நெட்டு வயர் இழுக்க ஒரு பையன் வந்தான். சட்டையப் பாத்தா அதே கம்பெனி பேரு. ஏம்ப்பா, நீங்க கேபிள் கம்பெனி ஆளுகதானன்னு கேட்டேன். நெட்டும் நாங்கதான் ஐயான்னான். நான் யோசிச்சுப் பாத்தேன். நெட்டு வேற, கேபிள் வேற. கேபிள்ல அவன் காட்டுறத நாம பாக்கணும். நெட்டுல நாம கேட்டத அவன் காட்டணும். மொதலாளி யாரு, நாமதான? சிரிக்காதீங்க தம்பி. இது சங்கத்துல ராத்திரி முழுக்க விவாதிக்க வேண்டிய விசயம்.

ஓடிடி எனக்குப் புடிச்சுப்போச்சு. வெளிநாட்டுத் தொழிலாளிங்க போராட்டப் படம் ஒண்ணு பாத்தேன், நம்ம தமிழ்லயே பேசுறாக. மறுநாள் டிவியப் போட்டா அதே மாதிரி வரிசையா எடுத்து வச்சிருக்கான். நம்ம மனசு தெரிஞ்ச ஒரு தோழர் உள்ள உக்காந்திருக்காருன்னு எனக்கு ஒரே சந்தோசம். செண்பகத்துக்குத்தான் அந்த ரிமோட்டு கடைசி வரைக்கும் பிடிபடல. அவ பாத்துக்கிட்டிருந்த தொடரெல்லாம் போச்சு. சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜெகதாம்மா கூட உக்காந்து பாப்பா. பொம்பளைக்கு என்ன கொள்கை, போயிட்டுப் போறான்னு விட்டுட்டேன்.

என்ன, இன்னும் வரலையா? மெதுவாத்தான் வரும்போல. வரட்டும்.

ஆடி பொறந்ததுல இருந்து ஊர்க்காரங்க என்னைய ஒரு மாதிரிப் பாக்க ஆரம்பிச்சாக. கடைவீதியில போனா பேசிக்கிட்டு இருக்கறவுக நிறுத்திருவாக. பொம்பளைக மூஞ்சியத் திருப்பிக்குவாக. டீக்கடையில பெஞ்சுல எடம் விடுவாக, பக்கத்துல உக்கார மாட்டாக. நான் என்ன நெனச்சேன்னா, ஒத்த ஆளா ஒருத்தன் கம்பெனிய எதுத்து நிக்கிறானே, நம்மளால முடியலையேன்னு வெக்கப்படுறாகன்னு நெனச்சேன். அந்த நெனப்புல நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தேன் தம்பி. நெசமாச் சொல்றேன், மில்லு மூடுன பெறகு அப்படி நடந்ததே இல்ல.

அந்தச் சமயத்துலதான் பூரணத்துக்குக் கிட்னி ரெண்டும் போயிருச்சு. படுக்கையில இருந்திருக்கா. என்னையப் பாக்கணும்னு ஆசைப்பட்டிருக்கா. அவ போன் எங்கிட்ட வராது. மாப்ள எங்க வாசலுக்கு வர மாட்டாரு, பந்தியில அப்படிப் பேசுன பெறகு எப்படி வருவாரு? அதனால ஊரு வழக்கப்படி பூரணி விஷன்லயே போட்டிருக்கா. அவ கையாலயே அடிச்சு, தினம் சாயங்காலம். எனக்கு வீட்ல கேபிள் இல்லன்னு அவளுக்குத் தெரியும். வெட்டுன கதைதான் ஊருக்கே தெரியுமே. பாக்குறவுக யாராச்சும் ஒருத்தர் அண்ணங்கிட்டச் சொல்லிருவாகன்னு போட்டிருக்கா.

ஒருத்தரும் சொல்லல. அதுதான் எனக்கு ஆறவே இல்ல. அம்புட்டுப் பெரிய ஊர்ல ஒருத்தர்கூடச் சொல்லல.

சலூன் பரமன் பாதி முடி வெட்டும்போது கத்திரிய நிறுத்திட்டு, அண்ணாச்சி நம்ம பூரணி விஷன் பாக்குறதில்லையான்னாரு. ஆகா, நல்ல கேள்வி கேட்டாருன்னு, கம்பெனி எப்படி ஒரு ஊர விழுங்குதுன்னு மொதல்ல இருந்து எடுத்துச் சொன்னேன். மனுசன் கேட்டுக்கிட்டே வெட்டி முடிச்சு, துண்ட ஒதறிட்டு, சரி அண்ணாச்சின்னாரு. விசயத்தச் சொன்னாரா? சொல்லல.

ஜெகதாம்மா வீட்டுக்காரரு வாத்தியாரா இருந்தவரு. லைப்ரரியில பாத்தப்ப, உங்க தங்கச்சின்னு ஆரம்பிச்சாரு. சார், குடும்பக் கதை வேண்டாம், நாட்டப் பத்திப் பேசுவோம்னேன். படிச்ச மனுசன், மேல ரெண்டு வார்த்தை சேத்துச் சொன்னா என்ன? பேப்பர எடுத்து மூஞ்சிக்கு நேரா விரிச்சுக்கிட்டாரு.

செண்பகமா? செண்பகத்த இதுல சேக்க முடியாது தம்பி. அவ ஒரு நாள் சாயங்காலம் ஜெகதாம்மா வீட்ல இருந்து ஓடியாந்தா. மூச்சு வாங்குது. ஒரு நிமிசம் வாங்க, அங்க டிவியில ஒண்ணு ஓடுது, நீங்க பாக்கணும்னா. கேபிள் ஓடுற வீட்டுக்கு நான் வர்றதில்லைன்னு தெரியாதான்னேன். சரி நானே சொல்றேன், பூரணத்துக்குன்னு ஆரம்பிச்சா. அந்தப் பேரே இந்த வீட்ல வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்லன்னு டிவியில சத்தத்தக் கூட்டி வச்சேன். அவ டிவிக்கும் எனக்கும் நடுவுல வந்து நின்னா. நான் தலையச் சாச்சுப் பாத்தேன். பெறகு உள்ள போயிட்டா. அதச் சொன்னதுன்னு எடுத்துக்க முடியுமா? சொல்றதுன்னா ஆள உக்கார வச்சு, விசயத்த முழுசாச் சொல்லணும். சங்கத்துல நான் அப்படித்தான் சொல்லுவேன்.

அந்த வாரமே அவ மெட்ராசுக்குப் போயிட்டா. மகளுக்குப் பிரசவம். போகும்போது சாப்பாட்டுக்கு மெஸ்ஸுல சொல்லி வச்சிட்டுப் போனா.

பூரணம் செத்தது ஒரு ஞாயித்துக்கெழமை.

அன்னைக்கு நான் எங்கயும் போகல. சுரங்கத் தொழிலாளிங்க வேலைநிறுத்தம்னு ஒரு தொடரு, காலையில போட்டவன் எந்திரிக்கவே இல்ல. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது அதுவா வருது. அதுல ஒரு அண்ணன் தம்பி. தம்பி உள்ள மாட்டிக்கிறான், அண்ணன் வெளிய நிக்கிறான். எனக்குக் கண்ணுல தண்ணியா ஊத்துது. போன அணைச்சு வச்சிருந்தேன். ஞாயித்துக்கெழமையின்னுகூடப் பாக்காம லோன் வேணுமா லோன் வேணுமான்னு கம்பெனிக்காரன் கூப்புடுறான், என்ன செய்ய? மத்தியானம் போல கதவ யாரோ தட்டுனாக. கேபிளுக்கு மறுபடி சேருங்கன்னு ஒரு பையன் அடிக்கடி வருவான், அவனாத்தான் இருக்கும்னு தெறக்கல. தட்டித் தட்டிப் பாத்துட்டுப் போயிட்டாக. சாயங்காலம் ரயில்வே லைனுக்கு அங்கிட்டு இருந்து மேளச் சத்தம் கேட்டுச்சு. யாரோ பாவம்னு சன்னலச் சாத்திட்டு வந்து உக்காந்தேன்.

அங்க அவளக் கெடத்தி வச்சுக்கிட்டு எனக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்காக. பொம்பளை செத்தா பொறந்த வீட்டுக் கோடி வந்து விழுகணும்ல. அண்ணன் கொண்டாற சேலை. அது விழுகாம எடுக்க மாட்டாக. டிவியில போட்டிருக்காக, பொறந்த வீட்டாருக்காகக் காத்திருக்கோம்னு. பொழுது சாயுற வரைக்கும் பாத்திருக்காக. தெருக்காரங்க எல்லாரும், சங்கரலிங்கம் தெரிஞ்சும் வேணும்னே வராம இருக்கான்னு நெனச்சிருக்காக. சாவுல வந்து சேராதவன் மனுசனே இல்லன்னு அங்கயே பேசியிருக்காக.

மறுநாள் காலையில டீக்கடைக்குப் போறேன். டீக்கடைக்காரரு கிளாச எடுக்கல. காடாத்துக்குப் போகலையா அண்ணாச்சின்னாரு. யாரு காடாத்துன்னேன். அவரு என்னையப் பாத்த பார்வை இருக்கே தம்பி. இப்படி ஒருத்தன் நடிப்பானான்னு பாத்தாரு.

நான் ஓடுனேன். செருப்பு எங்க விட்டேன்னு தெரியல. அவுக சுடுகாட்டுல பாலத் தெளிச்சிட்டு அப்பத்தான் வீட்டுக்கு வந்து உக்காந்திருக்காக. முன்னறையில அவ கட்டில நிமித்தி வச்சிருக்கு. அதுக்குப் பக்கத்துல இந்தக் கம்ப்யூட்டரு. மாப்ள எந்திரிச்சு வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. என் காலப் பாத்தாரு. பெறகு யாரையோ கூப்பிட்டுக் காலுக்குத் தண்ணி குடுக்கச் சொன்னாரு.

"நான் பாக்கல மாப்ள. சத்தியமா எனக்குத் தெரியாது. ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல"ன்னேன்.

"செண்பகத்தக்கா சொல்லலையா?"ன்னாரு.

நான் அந்தக் கட்டிலப் பாத்தேன்.

"மெட்ராசுக்குப் போறதுக்கு முந்தி அக்கா இங்க வந்தாக. பூரணம் காலப் புடிச்சுக்கிட்டு, சொல்லிப் பாத்துட்டேன் பூரணம், காதுல வாங்க மாட்டேங்காருன்னு அழுதாக. அன்னைக்குச் சாயங்காலம் பூரணம் அந்த வரிய மாத்திப் போட்டா."

"எப்படி மாத்துனா மாப்ள?"

"பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் மச்சான்."

அதுக்கு மேல அவரு எங்கிட்டப் பேசல. இன்னைக்கு வரைக்கும் பேசல. பாருங்க, செண்பகம் எனக்குத் தெரியாம அங்க போயிட்டு வந்திருக்கா. கட்டுன பொண்டாட்டி. அதையாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?

கோடி யாரு போட்டான்னு அங்க இருந்த ஒரு அம்மாதான் சொன்னாக. ஆளு வரலைன்னதும் மாப்ளையே பீரோவத் தெறந்து ஒரு சேலைய எடுத்தாராம். சண்டைக்கு முந்துன பொங்கலுக்கு நான் அனுப்புன சீர்ச்சேலை. கட்டாம மடிப்புக் கலையாம வச்சிருந்தாளாம். அத அவ மேல போத்தி, பொறந்த வீட்டுக் கோடி, அண்ணன் சங்கரலிங்கம் கோடின்னு அவரு வாயால சத்தமாச் சொன்னாராம். யாரப் பாத்து நான் பொண்டாட்டிய வித்துருவான்னேனோ, அவரு. எனக்கு உசுரோட தோல உரிச்ச மாதிரி இருந்துச்சு. என்ன கலர் சேலைன்னு அந்த அம்மா எங்கிட்டக் கேட்டாக. எனக்குத் தெரியல தம்பி. அத எடுத்தது செண்பகம். பணம் மட்டும்தான் நான் குடுத்தது.

அதுக்கப்பறம் அந்த வரியில என்ன இருந்துச்சுன்னு ஒவ்வொருத்தராக் கேக்க ஆரம்பிச்சேன். சலூன் பரமன், அன்பு அண்ணன்னு இருந்துச்சு, நல்லா ஞாபகம் இருக்குன்னாரு. வாத்தியாரு, அன்பெல்லாம் இல்ல, அண்ணன் சங்கரலிங்கம் அவர்களுக்குன்னு மட்டும்தான் இருந்துச்சுன்னாரு. ஜெகதாம்மா மொதல்ல இருந்துச்சு, பெறகு எடுத்துட்டான்னாக. டீக்கடைக்காரரு மொதல்ல இல்ல, பெறகுதான் சேத்தான்னாரு. ஊரே பாத்த ஒரு வரி, ஆளுக்கு ஒண்ணு சொல்றாக. செண்பகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவளுக்குக் கட்டாயம் தெரியும். அத மட்டும் எங்கிட்டக் கேக்காதீகன்னு வச்சுட்டா. பேரனுக்கு மொட்டை போட்டுக் காதும் குத்தியாச்சு, அவ இன்னும் ஊருக்கு வரல. போன் போட்டா சாப்டாச்சான்னு கேப்பா, அம்புட்டுதான்.

உங்களுக்கு இது சின்ன விசயமாத் தெரியும். அன்பு அண்ணன்னு போட்டா என்ன, அண்ணன்னு போட்டா என்னன்னு. எனக்கு அப்படியில்ல தம்பி. பந்தியில நான் அப்படிச் சொன்ன பெறகும், கூப்பிட்டும் வர மாட்டேங்காருன்னு செண்பகம் போயிச் சொன்ன பெறகும், அந்தப் புள்ள எனக்கு அன்புன்னு போட்டிருந்தாளா, இல்ல அத அழிச்சிட்டுப் போயிட்டாளா? அது தெரியாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. அன்பு இல்லன்னு தெரிஞ்சாலும் சரிதான். தாங்கிக்குவேன்.

அதுக்குள்ள கம்பெனிக்காரன் அந்தச் சேனலையே மூடிட்டான். அடிக்க ஆளில்லன்னு சொல்லிட்டான். இப்ப எங்க ஊர்ல யாரு செத்தாலும் சண்டைக்கார வீட்டுக்குத் தெரியாது. எல்லாத்துக்கும் காரணம் அவன்தான். அவன் வராம இருந்திருந்தா எங்க வீட்ல இதெல்லாம் நடந்திருக்குமா? நீங்களே சொல்லுங்க.

என்ன தம்பி, கைய எடுத்துட்டீங்க? ஓடுதுல்ல, வெளிச்சம் வருதுல்ல.

ஒண்ணும் இல்லையா? நல்லாப் பாருங்க. வேற எங்கயாச்சும் இருக்கும். நெனச்சேன், கம்பெனிக்காரன் குடுக்கும்போதே அழிச்சிட்டுத்தான் குடுத்திருப்பான்.

நீங்களா அழிச்சீங்க?

எடுத்த அன்னைக்கேவா? இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா? எல்லாத்துக்கும் அப்படித்தான் செய்வீகளா? சரி. வாங்குறவுக சுத்தமா இருக்கான்னுதான பாப்பாக. உங்க மேல என்ன குத்தம் தம்பி, அது தொழிலு. திரும்ப எடுக்கவே முடியாதா? மெட்ராஸ்ல, பெங்களூர்ல எங்கயாச்சும் குடுத்தா? சும்மா கேட்டேன். முடியாதுன்னா முடியாதுதான.

இருங்க, எந்திரிக்கல. கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன். தண்ணி வேண்டாம்.

தம்பி, ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்காதீக. இதுல இப்ப எழுத்து அடிக்க முடியுமா? கீழ ஓடுற மாதிரி விட முடியுமா? முடியுமா. அப்ப நான் சொல்றேன், நீங்க அடிங்க. வாத்தியாரு சொன்னதையும் பரமன் சொன்னதையும் சேத்து வச்சு அம்புட்டையும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். அவ படிச்ச புள்ள, பேச்சு மாதிரி எழுத மாட்டா, நல்ல தமிழ்ல எழுதுவா. போடுங்க. 'அண்ணன் சங்கரலிங்கம் அவர்களுக்கு, உடல்நலம் சரியில்லை. ஒருமுறை வந்து பார்த்துச் செல்லவும். தங்கை பூரணம்.'

அன்பு போடவான்னா கேக்குறீங்க?

வேண்டாம் தம்பி. அவ போட்டாளா இல்லையான்னு தெரியாம நாம போடக்கூடாது. அது அவ குடுக்க வேண்டியது. வெறும் அண்ணன்னே இருக்கட்டும்.

இப்ப ஓட விடுங்க. இந்த ஓரத்துல இருந்து வரணும். ஆமா, அப்படித்தான். எழுத்து சரியாத் தெரியுது, பெருசாக்க வேண்டாம். நீங்க ஒங்க சோலியப் பாருங்க, யாவாரத்த விட்டுட்டு எனக்காக நிக்காதீக. அணைக்க மட்டும் வேண்டாம்.

ஓடட்டும். பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.